மான் தலையைக் கழுவுவதற்கு முன்

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம். எலும்பு, மூளை, நாற்றம் எல்லாம் வரும். சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு உட்காருங்கள்.

இந்த ஆறு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவன் என்னிடம் பிளஸ் டூ விலங்கியல் படித்தவன், பூந்தமல்லி. ஒருத்தி ஆவடியில் இருக்கும் நம் சொந்தக்காரப் பெண். மூன்றாவது ஆள் அம்பத்தூரில் வீட்டு உள் அலங்காரம் செய்கிறவன், அவனும் பழைய மாணவன்தான். பெயர் சொல்லப் போவதில்லை, பயப்படாதீர்கள். பூந்தமல்லிக்காரன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அப்படியே போடுகிறேன்:

"மிஸ், தாத்தா வீட்டை பில்டருக்குக் கொடுத்துட்டோம். ஹால்ல ஒரு மான் தலை இருந்துச்சு. தோல் இல்ல, மண்டை ஓடும் கொம்பும் மட்டும், பலகையில அடிச்சது. கறுத்துப்போய் ஒட்டடை பிடிச்சுக் கிடக்கு. பளிச்சுனு வெள்ளையாக்கி, மேல ஏதாவது கோட்டிங் கொடுத்து, புது ஃபிளாட்ல டிவிக்கு மேல மாட்டணும். எதுல ஊறவைக்கணும்? வார்னிஷ் அடிக்கலாமா?"

விலங்கியல் டீச்சர் என்றால் எலும்பு கழுவத் தெரியும் என்ற நம்பிக்கை. தெரியும்தான். ஆனால் மூன்று பேருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: கழுவாதே, தேய்க்காதே, வார்னிஷ் அடிக்காதே, யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே. முதலில் அதற்குக் காகிதம் இருக்கிறதா என்று பார். காகிதம் இல்லையென்றால் அது உன் வீட்டுச் சுவரில் இருக்க வேண்டிய பொருள் இல்லை.

மூன்று பேருக்கும் கோபம். "தாத்தா ஞாபகமா வைக்கிறேன் மிஸ், நான் என்ன வேட்டையா ஆடினேன்?" என்றான் ஒருவன். நியாயமான கேள்வி. தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது, அதனால் எல்லோருக்குமாக இங்கே.

நம் பக்கத்தில் காடு கிடையாது. ஆவடியில் டாங்கி ஃபேக்டரி இருக்கிறது, அம்பத்தூரில் தொழிற்பேட்டை இருக்கிறது, பூந்தமல்லியில் பை-பாஸ் இருக்கிறது. மான் எங்கே வந்தது? அது வந்த வழிகள் பல. ராணுவத்தில் இருந்த பெரியப்பா கொண்டுவந்தது, எஸ்டேட்டில் வேலை பார்த்த மாமனாருக்குத் துரை கொடுத்தது, ஊரில் ஜமீன் வீட்டுச் சாமான்கள் ஏலம் போனபோது எடுத்தது, மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்பு பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கியது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை சொல்வார்கள். அந்தக் காலத்தில் அது அந்தஸ்து. பழைய படங்களில் பண்ணையார் வீடு என்று காட்ட வேண்டுமென்றால் மாடிப்படி, அதற்கு மேலே ஒரு மான் தலை, அவ்வளவுதான் செட். ஊட்டி கிளப் சுவர்களில் வெள்ளைக்காரர்கள் மாட்டியதைப் பார்த்து நம்மவர்கள் மாட்டினார்கள். மைசூரில் வான் இங்கன் என்று ஒரு நிறுவனம். 1900 வாக்கில் தொடங்கி 1999 வரைக்கும் மகாராஜாக்களுக்கும் துரைமார்களுக்கும் புலி, சிறுத்தை, மான் என்று பாடம் செய்து கொடுத்தது. ஆயிரக்கணக்கான புலித்தலைகள் அங்கிருந்து உலகம் முழுக்கப் போயிருக்கின்றன. அந்தக் காலத்தில் அது சட்டப்படியான தொழில். ஆகவே உங்கள் தாத்தாவை நான் குற்றவாளி என்று சொல்லவில்லை. பல வீடுகளில் அவர் செய்தது அன்றைக்குச் சரியாகவே இருந்திருக்கும்.

ஆனால் 1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு அந்தத் தலை வெறும் அலங்காரப் பொருள் இல்லை. சட்டம் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'டிராஃபி'. கொம்பு, எலும்பு, பல், நகம், தோல், ரோமம், முட்டை, தேன்கூடு வரைக்கும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். இன்னொன்று, இதைக் கவனியுங்கள்: 'டாக்ஸிடெர்மி' என்ற சொல்லுக்கும் அந்தச் சட்டம் விளக்கம் கொடுக்கிறது. நாம் அதை வைக்கோல் திணித்த புலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டம் சொல்வது, டிராஃபியைப் பதப்படுத்துவது, தயார் செய்வது, கெடாமல் பாதுகாப்பது, மாட்டுவதற்கு ஏற்றபடி பொருத்துவது எல்லாமே டாக்ஸிடெர்மிதான். அதாவது மண்டை ஓட்டை வெளுத்து, கோட்டிங் கொடுத்து, பலகையில் அடிப்பது. அதை லைசென்ஸ் இல்லாமல் தொழிலாகச் செய்யக்கூடாது என்கிறது 44ஆம் பிரிவு. அம்பத்தூர் தம்பி, இது உனக்குத்தான். கஸ்டமர் கொண்டுவந்து கொடுத்தார், நான் பாலிஷ் போட்டு பில் மட்டும்தான் போட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அடுத்து 57ஆம் பிரிவு. பொதுவாக நம் நாட்டில் குற்றத்தை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். இங்கே தலைகீழ். உங்கள் கையில் ஒரு டிராஃபி இருக்கிறது என்று நிறுவப்பட்டால் போதும். அது சட்டவிரோதமாக வைத்திருப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. தாத்தாவும் இல்லை, துரையும் இல்லை, ஏலம் விட்ட ஜமீனும் இல்லை. எதை வைத்துக் காட்டுவீர்கள்? பழைய கல்யாண ஆல்பத்தில் பின்னால் மான் தலை தெரிகிற போட்டோ இருந்தால் உபயோகப்படலாம். அப்படி ஒன்று இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

தண்டனை பற்றிக் கேட்டாள் ஆவடிக்காரி. மூன்று ஆண்டு வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை. வெளிமான் முதல் அட்டவணை. முறுக்கிய கொம்பு, ஆங்கில 'வி' எழுத்துப் போல நிற்குமே, அது வெளிமான். சல்மான் கான் 1998லிருந்து ஜோத்பூர் கோர்ட்டுக்கு அலைவது அந்த வெளிமானுக்காகத்தான். புள்ளிமான் பழைய பட்டியலில் மூன்றாம் அட்டவணையில் இருந்தது. அதனால் முதலில் உங்கள் வீட்டில் இருப்பது எது என்று அடையாளம் காண வேண்டும், விதிகள் அதற்கேற்ப மாறும். அடையாளம் காண நான் உதவுவேன். சட்டத்துக்கு வக்கீலையோ வனத்துறையையோ கேளுங்கள். நான் விலங்கியல் டீச்சர், கறுப்புக் கோட்டு போட்டவள் இல்லை.

அடையாளம் என்றதும் ஒரு சின்ன வகுப்பு. தமிழில் எல்லாவற்றையும் 'கொம்பு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆடு, மாடு, வெளிமான் இவற்றின் கொம்பு, உள்ளே எலும்பு, வெளியே நம் நகத்தைப் போன்ற உறை. ஆயுள் முழுக்க விழாது. புள்ளிமானுக்கும் கடமானுக்கும் இருப்பது கிளைக்கொம்பு. அது முழுக்க எலும்பு, கிடாவுக்கு மட்டும் வரும், விழுந்து விழுந்து முளைக்கும். புள்ளிமானுக்கும் கடமானுக்கும் பக்கத்துக்கு மூன்று கிளை. கடமான் கொம்பு தடித்துச் சொரசொரப்பாக இருக்கும், புள்ளிமானுடையது மெலிந்து வளைந்து போகும்.

"இது தானா உதிர்ந்த கொம்பு, எந்த மானையும் கொல்லலை" என்று ஒரு வாதம் வரும். சில நேரம் உண்மையாகவும் இருக்கும். அடிப்பகுதியைப் பாருங்கள். உதிர்ந்த கொம்பின் அடி, வட்டமாக விளிம்பு கட்டி, லேசாகப் புடைத்து, தனியாக முடிந்திருக்கும். அடியில் மண்டை ஓட்டுத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் அது உதிரவில்லை, அந்த மான் செத்திருக்கிறது. பலகையில் கண்குழியோடு இருக்கும் தலையைக் காட்டி 'உதிர்ந்தது' என்று சொல்லாதீர்கள், சிரிப்பு வரும். உதிர்ந்த கொம்பாகவே இருந்தாலும் சட்டத்துக்கு அதுவும் டிராஃபிதான். கிண்டிப் பூங்காவிலும் பக்கத்து ஐஐடி வளாகத்திலும் புள்ளிமான் திரிகிறது. அங்கே படிக்கிற, வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் புதரோரம் கொம்பு கிடந்தால் எடுத்து ஹாஸ்டல் அறையில் வைக்க வேண்டாம். மயில் உதிர்க்கும் தோகை இறகுக்கு மட்டும்தான் சட்டம் தனிச் சலுகை கொடுத்திருக்கிறது. அந்தச் சலுகையை மானுக்கு நீங்களாக நீட்டிக்கொள்ள முடியாது.

சரி, காகிதம் என்றேனே, அது என்ன? உரிமைச் சான்றிதழ். வனத்துறையின் தலைமை வன உயிரினக் காப்பாளர் கொடுப்பது. சட்டம் வந்த காலத்திலிருந்தே, உங்களிடம் இருப்பதைச் சொல்லுங்கள் என்று வழி வைத்திருந்தார்கள். கடைசிப் பெரிய வாய்ப்பு 2003ல். அந்த ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி விதிகள் வந்தன. 180 நாளுக்குள் அறிவித்துவிட்டால், அதுவரை சொல்லாமல் இருந்ததற்குப் பிடிக்க மாட்டோம் என்றார்கள். அக்டோபரோடு முடிந்தது. நம் தெருக்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்தது என்று நினைக்கிறீர்கள்? என் சொந்தத்தில் ஒருவருக்கும் தெரியாது. சான்றிதழ் இருந்து, தாத்தா காலமாகி, பேரனுக்கு வந்தால் அதற்கும் கணக்கு உண்டு: முதல் அட்டவணை விலங்கு என்றால் வாரிசு 90 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். விற்கக் கூடாது. பழைய பொருள் வாங்கி விற்கும் ஆப்பில் போட்டோ எடுத்துப் போடுவதும் விற்பனைக்கு வைப்பதுதான்.

சான்றிதழ் இருக்கிறவர்களுக்கும் நான் 'கழுவாதே' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கணக்கெடுக்கும்போது அதிகாரிகள் அந்தப் பொருளில் அடையாளக் குறி போடலாம். பலகைக்குப் பின்னாலோ மண்டையின் அடியிலோ சின்னதாக ஒரு எண் இருக்கலாம். அதை அழிப்பது தனியாக ஒரு குற்றம். நீங்கள் பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முதலில் போவது அந்த எண்தான்.

இன்னொரு காரணம் உடம்பு. மூன்று பேரில் ஒருவர் வீட்டில் இருப்பது தோலோடு, கண்ணாடிக் கண்ணோடு இருக்கிற தலை. பழைய காலத்துப் பாடம் செய்த தோல்களில் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்செனிக் கலந்த சோப்புப் பூசினார்கள். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தொடங்கிய பழக்கம், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பல நாடுகளில் இருந்தது. ஆர்செனிக் என்றால் பாஷாணம். அது ஆவியாகிப் போய்விடாது, ரோமத்தின் வேரிலும் காதோரத்திலும் தூளாக அப்படியே இருக்கும். நீங்கள் பழைய டூத் பிரஷை எடுத்து முகத்துக்கு நேரே வைத்துத் தட்டினால் நேராக மூக்குக்குள் போகும். எல்லாத் தலையிலும் இருக்கும் என்று சொல்லவில்லை. பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது என்பதால் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடங்கள். குழந்தைகளைத் தொட விடாதீர்கள். நகர்த்த வேண்டியிருந்தால் கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஒரு பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள், போதும்.

ஆவடிக்காரி, "அப்ப போகிக்குப் போட்டுடறேன் பெரியம்மா, தொல்லை விட்டுது" என்றாள். அது எல்லாவற்றிலும் மோசம். ஒருபக்கம் தடயத்தை எரித்தோம் என்று ஆகும். மறுபக்கம் அந்தப் புகையை நம் வீட்டுப் பிள்ளைகள்தான் மூச்சில் இழுக்கும். ஏற்கெனவே போகியன்று நம் பக்கம் டயர் புகையில் எதிர் வீடு தெரிவதில்லை.

காகிதம் இல்லாதவர்கள் என்ன செய்வது? இங்கேதான் எனக்கு அரசின் மேல் வருத்தம். 2022 திருத்தத்தில் 42ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வைத்துக்கொள்ள விருப்பமில்லாதவர்கள் ஏழு வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, பொருளைத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் ஒப்படைக்கலாம். இழப்பீடு கிடையாது, பொருள் அரசுக்குச் சொந்தமாகும். நல்ல பிரிவு. ஆனால் அது பேசுவது உரிமைச் சான்றிதழ் வைத்திருப்பவர்களைப் பற்றி. சான்றிதழே இல்லாமல், தாத்தா ஆணியில் மாட்டியது மாட்டியபடி இருக்கிற ஆயிரம் வீடுகளுக்கு அதில் நேரான வழி இல்லை. கொண்டுபோய்க் கொடுத்தால் பாராட்டுவார்களா, பிடித்து உட்கார வைப்பார்களா என்று தெரியாமல் ஜனங்கள் பரணில் ஒளித்து வைக்கிறார்கள். ஒளித்து வைத்தது ஒருநாள் வீடு இடிக்கும்போது வெளியே வருகிறது. பில்டரின் ஆள் பார்க்கிறான், யாருக்கோ போட்டோ அனுப்புகிறான், பழைய சாமான்காரர் வருகிறார், கைமாறுகிறது. அப்படிக் கைமாறுவதுதான் இன்றைக்கு எங்கோ ஒரு மானின் தலைக்கு விலை வைக்கிறது. பழையது என்று சொல்லிப் புதியதை விற்பதற்கு இதைவிட வசதியான மறைவு கிடையாது. நூறு வருஷத்து எலும்பையும் போன வருஷத்து எலும்பையும் வெளுத்து வார்னிஷ் அடித்துவிட்டால் எனக்கே பார்த்துச் சொல்வது கஷ்டம். சுத்தம் செய்து சீல் பண்ணுவதை நான் ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். அந்த ஒட்டடையும் கறுப்பும் புகையும்தான் உங்கள் தாத்தாவுக்குச் சாட்சி. அதைக் கழுவி ஊற்றிவிட்டு, பழையது சார் என்று யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

கர்நாடகத்தில் 2023 அக்டோபரில் டிவி நிகழ்ச்சி ஒன்றில் கலந்துகொண்டவர் கழுத்தில் புலிநகம் போட்டிருந்தார் என்று கைது செய்தார்கள். அடுத்து யார் யார் கழுத்தில் என்ன இருக்கிறது என்று ஊரே பார்க்க ஆரம்பித்தது. 2024 தொடக்கத்தில் அந்த மாநில அரசு, இப்படிப்பட்ட பொருள்களை ஒப்படைக்கக் கால அவகாசம் கொடுத்து அறிவித்தது. நம் ஊரிலும் அதுபோல ஒன்று வேண்டும். மத்திய அரசு 2003ல் கொடுத்ததைப் போல இன்னொரு முறை, ஆனால் இந்த முறை 'வைத்துக்கொள்ளச் சான்றிதழ் வாங்குங்கள்' என்று இல்லாமல், 'கொண்டுவந்து கொடுங்கள், கேள்வி கேட்க மாட்டோம்' என்று. ரேஷன் கடைப் பலகையில் ஒட்டினால் போதும், அம்பத்தூர் முழுக்கத் தெரிந்துவிடும். கெஜட்டில் மட்டும் போட்டால் 2003 கதைதான்.

அதுவரை என் யோசனை: ஒரு வக்கீலைப் பார்த்து, பொருள் எப்படி வந்தது, எவ்வளவு காலமாக இருக்கிறது என்று உண்மையை எழுதி, போட்டோவோடு தலைமை வன உயிரினக் காப்பாளருக்குக் கடிதம் கொடுத்து, எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள். கடிதம் கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கி வையுங்கள். பொருளை நீங்களாக டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டாம், வழியில் வண்டியை நிறுத்தினால் விளக்கம் சொல்ல முடியாது. பூந்தமல்லிக்காரன் இதைச் செய்ய ஒத்துக்கொண்டுவிட்டான். அவன் அப்பாவுக்குத்தான் இன்னும் மனசில்லை. "அந்தத் தலைக்குக் கீழதான் எனக்கு அட்சரம் எழுத வெச்சாங்க" என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. போட்டோ எடுத்து பிரேம் போட்டுக்கொள்ளுங்கள் அண்ணே என்றேன். போனை வைத்துவிட்டார்.

"யூடியூப்ல எல்லாரும் செய்யறாங்களே மிஸ்" என்பது அடுத்தது. நானும் பார்த்தேன். அமெரிக்காவில் லைசென்ஸ் வாங்கி, சீசனில், கணக்கு வைத்து மான் வேட்டையாடலாம். வேட்டையாடியவர்கள் மண்டை ஓட்டை வெளுத்து மாட்டுகிறார்கள். அவர்கள் செய்முறையில் பல விஷயம் சரியாகவே இருக்கிறது, சொல்லித் தருகிற விதமும் அருமை. ஆனால் அது அந்த ஊர்ச் சட்டம், அந்த ஊர் மான்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். எலும்பின் மேல் உண்மையிலேயே ஆசை இருக்கிறவர்களுக்கு மானே தேவையில்லை. கறிக்கடைக்குப் போங்கள். ஆட்டுத்தலை. காகிதமும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். மான் மண்டையில் கற்க வேண்டியதில் முக்கால்வாசி அதில் இருக்கிறது. பெயரன், பெயர்த்தி இருக்கிறவர்கள் கோடை விடுமுறையில் செய்யலாம். நம் சைவச் சொந்தங்கள் இந்தப் பத்திகளைத் தாண்டிப் போய்விடுங்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கிடாத்தலையாகப் பாருங்கள், கொம்பு நன்றாக இருக்கும். தீயில் வாட்டாதது வேண்டும். தோலை உரித்து, நாக்கு, கன்னக்கறி எல்லாம் எடுத்துச் சமையலுக்குக் கொடுத்துவிடுங்கள், வீணாக்க வேண்டாம். மூளையை மண்டையின் பின்பக்கத் துளை வழியாக வளைத்த கம்பியால் கலக்கித் தண்ணீர் பீய்ச்சி வெளியே எடுக்க வேண்டும். கையுறை கட்டாயம். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் கட்டாயம்.

எல்லோரும் செய்கிற தப்பு அடுத்துதான்: குக்கரில் போட்டுக் கொதிக்க வைப்பது. தளதளவென்று கொதித்தால் கொழுப்பு எலும்புக்குள் இறங்கி, பின்னால் மஞ்சளாகக் கசியும். மூக்கெலும்பு காகிதம் போல மெல்லிசு, பெயர்ந்துவிடும். நல்ல முறை மெதுவான முறை. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் ஊற்றி, தலையை மூழ்க வைத்து, மொட்டைமாடி மூலையில் வைத்துவிடுங்கள். பாக்டீரியாக்கள் மிச்சக் கறியைத் தின்றுவிடும். குளிர்நாட்டில் மாதக்கணக்கில் ஆகும், அவர்கள் வாளிக்கு ஹீட்டர் போடுகிறார்கள். நமக்கு சூரியனே ஹீட்டர். மே மாதம் என்றால் இரண்டு மூன்று வாரம் போதும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பழைய தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றலாம். நாற்றத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, அனுபவித்துக்கொள்ளுங்கள். ஃபிளாட்டில் இருப்பவர்கள் இதை முயற்சி செய்தால் சங்கத்தில் நோட்டீஸ் வரும். சொந்த வீடு இருக்கிற உறவுக்காரர் மாடியைக் கேளுங்கள்.

மியூசியங்களில் இதற்கே ஒரு வண்டு வளர்க்கிறார்கள், டெர்மெஸ்டிட் என்று பெயர். காய்ந்த சதையை மட்டும் அரித்துத் தின்று எலும்பை மணி மாதிரி விட்டுவிடும். அதன் உறவுக்காரர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: பழைய கருவாட்டுப் பானையைத் திறந்தால் ரோமத்தோடு ஒரு புழு நெளியுமே, அதுதான். வீட்டில் வளர்க்கிறேன் என்று இறங்காதீர்கள். அவை எலும்போடு நிற்காது, பட்டுப்புடவை பீரோவுக்கும் போகும்.

வாளியிலிருந்து எடுக்கும்போது தண்ணீரை வடிகட்டி ஊற்றுங்கள், பல் கழன்று அடியில் கிடக்கும். ஒவ்வொன்றையும் பொறுக்கி வைத்து, பிறகு அதனதன் குழியில் ஒட்டலாம். கொம்பின் உறையும் தொப்பி மாதிரி கழன்று வரும். பயப்படாதீர்கள், உள்ளே எலும்புக் குருத்து நிற்கும். மேலே நான் சொன்ன கொம்புப் பாடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய நிமிஷம் அதுதான். படம் போட்டு நான் முப்பது வருஷம் சொன்னதை அவர்கள் ஒரு நொடியில் புரிந்துகொள்வார்கள்.

அடுத்து கொழுப்பு நீக்கல். பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போட்டு, கலங்கக் கலங்க மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்படாதீர்கள். பிறகு வெளுப்பது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, மூன்று சதவீத அளவுக்குத் தண்ணீர் கலந்தது, ஒரு நாள் ஊறினால் போதும். பாத்திரத்தை இறுக்கி மூடாதீர்கள், வாயு வெளியேற வேண்டும். கொம்பு உறையை அதில் போட வேண்டாம், நிறம் போய்விடும். பிளீச்சிங் பவுடரும் பாத்ரூம் கழுவுகிற திரவமும் கூடவே கூடாது. எலும்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தாது உப்பு, மிச்சம் கொலாஜன் என்கிற புரதம். கட்டடத்துக்குச் சிமெண்டும் கம்பியும் மாதிரி. பிளீச்சிங் அந்தக் கம்பியை அரித்துவிடும். முதல் நாள் பளீரென்று இருக்கும், போகப் போகச் சுண்ணாம்பு மாதிரி உதிரும். நம்பாதவர்கள் கோழிக்கால் எலும்பு ஒன்றை வினிகரில் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். அங்கே தலைகீழாகச் சிமெண்டு கரைந்து கம்பி மட்டும் நிற்கும், எலும்பை ரப்பர் மாதிரி வளைக்கலாம்.

சீல் பண்ணுவது பற்றி. மியூசியங்களில் அசிட்டோனில் கரைத்த ஒருவகை அக்ரிலிக் பிசினை, பாரலாய்டு பி-72 என்று பெயர், மெல்லிசாக ஒரு கோட் கொடுப்பார்கள். வேண்டுமென்றால் பிற்காலத்தில் கரைத்து எடுத்துவிடலாம் என்பது அதன் சிறப்பு. மர வார்னிஷ் அப்படியில்லை, மஞ்சளாகிப் போகும், திரும்ப எடுக்க முடியாது. கொழுப்பு முழுக்கப் போகாத எலும்பில் அடித்தால் உள்ளேயே அடைபட்டுப் பிசுபிசுக்கும். என் அபிப்பிராயம், வீட்டு அலமாரியில் வைப்பதற்கு எதுவுமே பூச வேண்டாம். நிழலில் நன்றாகக் காய்ந்த எலும்பு அப்படியே நிற்கும். அதன் மேட்டு நிறத்துக்கு எந்தப் பளபளப்பும் ஈடில்லை.

காய்ந்த பிறகு மடியில் வைத்துப் பாருங்கள். மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழே மட்டும் எட்டு. சந்தையில் ஆட்டின் உதட்டை விலக்கி 'ரெண்டு பல்லு', 'நாலு பல்லு' என்று வயசு சொல்கிறார்களே, அவர்கள் பார்ப்பது அந்தக் கீழ்ப்பல்லைத்தான். பால்பல் விழுந்து முளைத்த பெரிய பல் எத்தனை என்று எண்ணுகிறார்கள். கடைவாய்ப் பல்லின் மேல் பிறைபிறையாக வரி இருக்கும், புல் அரைக்கும் அம்மி. மானுக்கும் அதே வரிதான். மானுக்குக் கண்குழிக்கு முன்னால் மூக்கோரம் ஒரு இடைவெளி எலும்பே இல்லாமல் இருக்கும், ஆட்டுக்கு இருக்காது. அந்த வித்தியாசத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் மான் மண்டையை எழும்பூர் மியூசியத்தில் தேடுங்கள், விலங்கியல் பகுதிக்குப் பெயரனை அழைத்துக்கொண்டு போங்கள். 1851லிருந்து இருக்கிறது, நம்மில் பாதிப் பேர் ஸ்கூல் டூரோடு சரி.

டிவிக்கு மேலே மான் தலைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஃபைபரில், மரத்தில் செய்தது கடையில் கிடைக்கிறது. எனக்குப் பிடிக்காது, ஆனால் யாரும் கேட்கப் போவதில்லை. அம்பத்தூர் தம்பி, உன் கஸ்டமருக்கு அதையே போட்டுக் கொடு.

கடைசியாக ஒன்று, ஆட்டுத்தலை வாங்கப் போகிறவர்களுக்கு. கடைக்காரர் பழக்க தோஷத்தில் மூளை எடுக்க மண்டையை ஒரே வெட்டில் பிளந்துவிடுவார். தலையைக் கையில் எடுக்கும் முன்பே, "பிளக்காம, வாட்டாம, முழுசா வேணும்" என்று சொல்லிவிடுங்கள். எதற்கு என்று கேட்பார். அம்பத்தூர் பக்கமாக இருந்தால் என் பெயரைச் சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார்.